ஓர்லீனும் என் அட்டைப் பிழையும்

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி மூன்று பேர் மூன்று தரம் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரும் கேட்டது ஒரே விஷயத்தைத்தான்: வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் தொழிற்சாலையில் மீன் வெட்டிய கதை. பனி, இருட்டு, கத்தி, விறைத்த விரல். அந்தக் கதையை எங்கள் ஆட்களில் அரைவாசிப் பேர் எழுதிவிட்டார்கள். மிச்சப் பேர் பிறந்தநாள் விழாக்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்தத் தொழிற்சாலையில் நின்றது நாலு வருடம். ஒஸ்லோவில் ஒரு ஆவணக்காப்பகத்தில் வேலை செய்தது முப்பது வருடத்துக்குக் கிட்ட. அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. "அங்கை என்ன, பழைய கடதாசி அடுக்கிறதுதானே" என்கிறார்கள்.

ஓம், பழைய கடதாசிதான் அடுக்கினேன். அதில் ஒன்றைப் பிழையாக அடுக்கினேன். அந்தப் பிழையால் ஒரு பெண்மணி தேர்தலில் தோற்றுப்போனார். அதைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் பாடு.

வேலைக்குச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டு பழுதாகி வடக்கிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தேன். காப்பகத்தில் பெட்டி தூக்குகிற வேலை கிடைத்தது. நிலவறையிலிருந்து பெட்டிகளை வண்டிலில் ஏற்றி வாசிப்பறைக்குக் கொண்டுவர வேண்டும், பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் அதே தட்டில் வைக்க வேண்டும். ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு 'கொதிக்' என்கிற பழைய ஐரோப்பியக் கையெழுத்தை வாசிக்கப் பழகுகிற வகுப்பில் என்னையும் சேர்த்தார்கள். இருநூறு வருடத்துக்கு முந்தைய நோர்வேக் கடிதங்கள் எல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கின்றன. நோர்வேக்காரருக்கும் அது பிற மொழி மாதிரித்தான். வகுப்பில் எல்லாரும் சமம். நான் கொஞ்சம் கூடச் சமம், ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே தெரிந்த எழுத்தை மறக்க வேண்டிய கரைச்சல் இல்லை. ஆறு மாதத்தில் நல்லாக வாசிக்கத் தொடங்கினேன்.

வாசிப்பறையின் தலைவி பெரித். மெல்லிய, உயரமான மனுசி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது பிழை செய்தால் பக்கத்தில் வந்து நிற்பார். அந்தக் காரியத்தை முதலிலிருந்து தானே செய்து காட்டுவார், ஒரு சொல்லும் பேசமாட்டார். செய்து முடித்ததும் எங்களைப் பார்த்து நன்றி சொல்வார். அந்த நன்றியைக் கேட்பதைவிட கன்னத்தில் ஒன்று வாங்கலாம்.

அவர் பழக்கிய ஒழுங்குகள் இன்றைக்கும் என் கையில் இருக்கின்றன. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். (தொலைக்காட்சியில் காட்டுகிற வெள்ளைக் கையுறை வெறும் நாடகம். கையுறை போட்டால் கடதாசியின் ஓரம் தெரியாது, கிழிந்துவிடும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் களைத்துவிட்டேன்.) மேசையில் ஒரு நேரத்தில் ஒரு கோப்புத்தான். ஒரு தாளை வெளியே எடுத்தால் அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கீற்றுக் கடதாசி வைக்க வேண்டும். பேனை கூடாது, பென்சில்தான்.

பிழை திருத்துவதற்கும் ஒரு முறை இருந்தது. அழிக்கக்கூடாது. பிழையான சொல் வாசிக்கக்கூடியபடி அதன் மேல் ஒரே ஒரு கோடு. கீழே சரியான சொல். அதற்குப் பக்கத்தில் பிழை தெரியவந்த தேதி, திருத்தியவரின் முதலெழுத்து.

"திருத்தின தேதி இல்லை, தெரியவந்த தேதி" என்று பெரித் அழுத்திச் சொல்வார். "எப்ப தெரிஞ்சது எண்டதும் ஒரு தகவல்தான்."

இரண்டாம் வருடம் என்னைப் பெயர் அட்டை எழுத விட்டார்கள். பழைய கடிதங்களில் வருகிற ஆட்களின் பெயர்களைப் பார்த்து, ஆளுக்கு ஒரு அட்டை எழுதி, அவருடைய கடதாசி எந்தெந்தப் பெட்டியில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். நாளைக்கு நாற்பது அட்டை. யென்ஸ் ஆபெல்வோல் என்ற பெயர் இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று இந்த நகரத்து மரவியாபாரி. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர். மற்றது கரீபியன் கடலில் ஒரு தீவுக் கரும்புத் தோட்டத்திலிருந்து கடிதம் எழுதிய மேற்பார்வையாளன். அந்தத் தீவு அந்தக் காலத்தில் டென்மார்க்கும் நோர்வேயும் சேர்ந்த இராச்சியத்துக்குச் சொந்தம். பெயரும் ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நினைத்து ஒரு அட்டையில் எழுதி, பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த அட்டையை எடுத்தேன்.

ஓர்லீன் வந்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு. ஒரு மழைநாள், சொட்டுகிற குடையோடு நேரே வாசிப்பறைக்குள் வந்துவிட்டார். குடையை வெளியே வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு வந்து, தன்னுடைய தீவைப் பற்றிய பெட்டிகள் எல்லாவற்றையும் உடனே கொண்டுவரச் சொன்னார்.

நாங்கள் இருவரும் கதைத்தது நோர்வே மொழியில். அதில் எல்லாரையும் ஒரே மாதிரித்தான் விளிப்பார்கள், நீயும் இல்லை நீங்களும் இல்லை. ஆனால் நினைத்துப் பார்க்கும்போது அவர் என்னை 'நீர்' என்றும் நான் அவரை 'நீங்கள்' என்றும் கூப்பிட்ட மாதிரித்தான் எனக்குக் காதில் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு தரத்தில் இரண்டு பெட்டிதான் தரலாம்" என்றேன்.

"என்ரை சனம் இருநூறு வருசம் உங்கடை பெட்டியளைத் தூக்கினது. நீர் எனக்கு மூண்டு தூக்கக் கூடாதோ?"

"நான் நோர்வேக்காரன் இல்லை. எனக்கும் பெட்டி தூக்கித்தான் சம்பளம்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊர்?" என்று கேட்டார். நான் பிறந்த தீவைச் சொன்னேன். "அப்ப நீரும் தீவான்தான்" என்று சொல்லி வாசிப்பறை அதிரச் சிரித்தார். பெரித் தன் மேசையிலிருந்து எழும்பி வந்து, எங்கள் பக்கத்தில் நின்று, சத்தமில்லாமல் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பிறகு நன்றி சொன்னார்.

ஓர்லீன் அந்தத் தீவில் பிறந்து, படிக்க வந்து, ஒரு நோர்வே மாலுமியைக் கலியாணம் செய்து, விலகி, ஒஸ்லோவின் ஓரத்தில் ஸ்டோவ்னரில் ஒரு உயர்மாடிக் குடியிருப்பில் தனியே இருந்தவர். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்தார். நான் பார்த்த வாசகர்களுக்குள் அவரைப் போல் கெட்டித்தனமானவரும் இல்லை, அவரைப் போல் என் பொறுமையைச் சோதித்தவரும் இல்லை. மூன்று கோப்புகளை ஒரேயடியாக விரித்துப் போடுவார். கீற்றுக் கடதாசி வைக்கமாட்டார். தாள் திருப்ப விரலில் எச்சில் தொடுவார். நான் பெட்டியோடு பாய்ந்து போவேன். "கடதாசிக்கு ஒண்டும் வராது" என்பார். கொதிக் கையெழுத்தை அரைகுறையாகத்தான் வாசிப்பார். கடினமான வரிகளுக்கு என்னைக் கூப்பிடுவார். நான் வாசிக்க அவர் எழுதுவார். வியாழக்கிழமை தோறும் அப்படி இருந்தோம். பதினோரு வருடம்.

அந்தத் தீவுக் கடிதத்தை முதல் தரம் வாசித்துக் காட்டியதும் நான்தான். யென்ஸ் ஆபெல்வோல் என்று கையெழுத்து. ஒரு சிறுமியைப் பற்றியது. அவளுக்குச் சபீனா என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் வேலை செய்தவள். ஒரு ரொட்டியை எடுத்து ஒளித்ததற்காக அவளைக் கட்டி வைத்ததாகவும், ஐந்தாம் நாள் இறந்துவிட்டாள் என்றும் எழுதியிருந்தான். அடுத்த வரி: வேறொருத்தி தேவை, கொஞ்சம் வளர்ந்தவளாக.

ஓர்லீன் எழுதுவதை நிறுத்திவிட்டார். "திருப்பி வாசியும்" என்றார். வாசித்தேன். அவர் பெயரட்டைப் பெட்டிக்குப் போனார், என் அட்டையைப் பார்த்தார், திரும்பி வந்தார்.

"இவன்ரை பேரிலை எங்கடை பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. தெரியுமோ?"

தெரியும். குரோருட்டில் நாங்கள் குடியிருக்கிற வீட்டிலிருந்து சுரங்க ரயிலில் நாலு நிறுத்தம். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிற பள்ளிக்கூடம்.

அந்த நேரம் அவர் அரசியலுக்குள் இறங்கிவிட்டிருந்தார். ஸ்டோவ்னர் நூலகத்தின் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்ததற்கு ஒரு கூட்டத்தில் எழும்பிக் கதைத்தார். கதைத்ததைக் கேட்டு ஒரு கட்சி பிடித்துக்கொண்டது. முதலில் பகுதிச் சபை. பிறகு நகரசபைத் தேர்தலுக்குப் பட்டியலில் பெயர். எனக்குக் கடும் கோபம்.

"வரலாறு எழுதுற ஆளுக்கு மேடை எதுக்கு?" என்று கேட்டேன். "அங்கை சரிபார்க்கிறதுக்கு முதல் கதைக்க வேண்டிவரும்."

"செத்த ஆக்களோடை மட்டும் கதைச்சுக்கொண்டிருக்க என்னாலை ஏலாது, சிவா."

என் முழுப்பெயர் சிவபாதம். அதையும் அவர் ஒரு நாளும் முழுக்கச் சொன்னதில்லை.

அந்தத் தேர்தலில் அவர் கையில் எடுத்தது பள்ளிக்கூடத்தின் பெயரை. கொலைகாரன் பெயரில் எங்கள் பிள்ளைகள் படிக்கக் கூடாது, பெயரை மாற்ற வேண்டும் என்றார். பத்திரிகைகள் எழுதின. வானொலியில் இரண்டு பக்கமும் சண்டை. ஸ்டோவ்னர் நூலகத்தில் புதன்கிழமை பின்னேரம் ஒரு பெரிய கூட்டம் ஒழுங்குபண்ணினார்கள். கூட்டத்தில் காட்சிக்கு வைக்க, தீவுக் கடிதத்தின் படியும், பள்ளிக்கூடம் தொடங்கிய பத்திரத்தின் படியும் கேட்டு எங்களுக்குக் கடிதம் வந்தது.

திங்கட்கிழமை காலை நான் இரண்டையும் எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் யென்ஸ் ஆபெல்வோல். ஆனால் அந்தத் தொடக்க எழுத்து இரண்டிலும் வேறு வேறு. ஒருவன் கீழே வளைத்திருக்கிறான், மற்றவர் நேரே வெட்டியிருக்கிறார். மரவியாபாரியின் குடும்பக் கடிதங்கள் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. இரண்டு மணியளவில் கிடைத்தது. வியாபாரி தன் மைத்துனருக்கு எழுதியது இது: என் பெயரையே கொண்ட என் ஒன்றுவிட்ட சகோதரன் அந்தத் தீவில் காய்ச்சலில் இறந்துவிட்டான், அவன் அங்கே செய்தவை எனக்குத் தெரியும், சாப்பாட்டு மேசையில் அவனைப் பற்றிப் பேச வேண்டாம். இவ்வளவுதான். அதன் பிறகு பத்து வருடம் கழித்துத்தான் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தது.

இரண்டு ஆட்கள். ஒரு அட்டை. அட்டையில் என் கையெழுத்து.

உடனே அவருக்குத் தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, இந்த நாட்டில் அதற்கெல்லாம் வேலை போகாது. அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. கடினமான கையெழுத்தா, சிவாவிடம் கேளுங்கள். பேராசிரியர்மார் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்று காத்திருப்பார்கள். மீன் வெட்டிய கையோடு வந்தவனுக்கு அந்த ஒரு பெயர்தான் இருந்தது. ஒரு நாள் பொறுப்போம், இன்னொரு தரம் சரிபார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாயும் போனது. கேட்ட இரண்டு படிகளையும் ஒன்றும் பேசாமல் அனுப்பிவைத்தேன்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு என் மனைவி மலர் போகவேண்டும் என்று நின்றார். "உங்கடை சிநேகிதிக்கு நாங்கள் போகாட்டி ஆர் போறது?" என்றார். போனோம். கதிரை போதாமல் சனம் நிலத்தில் இருந்தது. சோமாலியர், பாகிஸ்தானியர், எங்கள் ஆட்கள், பள்ளிக்கூடத்தில் படித்த கிழ நோர்வேக்காரர். தொலைக்காட்சிக்காரரும் வந்திருந்தார்கள். ஓர்லீன் கடிதத்தின் படியைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினார். நான் வாசித்துக் கொடுத்த சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சபீனா என்ற பெயரை மூன்று தரம் சொன்னார். "இந்த ஆளின் பெயர்தான் வாசலில் எழுதியிருக்கிறது" என்று முடித்தார். சபை எழும்பி நின்று கைதட்டியது. மலர் அழுதுகொண்டு தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் நீங்கள் கை தட்டேல்லை?"

"மணிக்கட்டு நோகுது" என்றேன்.

வியாழக்கிழமை ஓர்லீன் வாசிப்பறைக்கு வரவில்லை, பிரசாரத்துக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை வந்தார். மகிழ்ச்சியாக இருந்தார். தீவுக் கடிதத்தையும் பள்ளிக்கூடப் பத்திரத்தையும் மேசையில் வைத்து, வியாபாரி மைத்துனருக்கு எழுதியதை வாசித்துக் காட்டினேன். என் அட்டையையும் வைத்தேன். "இது என்ரை பிழை. நான் எழுதின அட்டை. இண்டைக்குத்தான் கண்டனான்" என்றேன்.

இன்றைக்குத்தான் என்று சொன்னேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்தபோதே அதைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். மூன்றையும் தானே மெல்ல மெல்ல வாசித்தார். கால் மணித்தியாலம் ஆனது. பிறகு வெளியே போய்க் கட்சிச் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கதைப்பது எங்களுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து சொன்னார்: "தேர்தல் முடியட்டும் எண்டு சொல்லுறார். இன்னும் பத்து நாள்தானாம். ஆருக்கும் தெரியாதாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எனக்குத் தெரியும் எண்டு சொன்னன்."

சனிக்கிழமை ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்கு முன்னால், கட்சியின் பிரசாரக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்று பத்திரிகைக்காரருக்குச் சொன்னார். "கடிதம் எழுதியவன் வேறு, பள்ளிக்கூடம் வைத்தவர் வேறு. நான் சரிபார்க்காமல் பேசிவிட்டேன். இறந்துபோன ஒரு மனிதரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." யார் உங்களுக்குப் பிழையான தகவல் தந்தது, காப்பகமா, என்று ஒரு நிருபர் விடாமல் கேட்டாராம். "பேசியது நான்" என்று மட்டும் சொன்னாராம்.

என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதவேண்டியதில்லை. ஆளை மாறிப் பிடித்த வரலாற்றாசிரியை என்று பத்திரிகைகள் சிரித்தன. தீவுக்கே திரும்பிப் போ என்று இணையத்தில் எழுதினார்கள். கட்சி அவருடைய படத்தைச் சுவரொட்டிகளிலிருந்து எடுத்தது. நகரசபைக்கு அவர் தெரிவாகவில்லை, பகுதிச் சபையில் இருந்த இடமும் போனது. பள்ளிக்கூடத்தின் பெயர் அப்படியே இருந்தது. சபீனாவைப் பற்றி ஒருவரும் பிறகு பேசவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பெயர் யாருடையது என்று சண்டை பிடித்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை பெரித்திடம் போனேன். பிழையை மட்டும் சொல்லி, பெயரட்டை வேலையிலிருந்து என்னை எடுத்துவிடும்படி கேட்டேன். அவர் எழும்பி, அட்டைப் பெட்டியைத் திறந்து, என் அட்டையை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு பென்சில். நான் கோடு கீறினேன், திருத்தினேன், புது அட்டை ஒன்றும் எழுதினேன். தேதி போட வேண்டிய இடத்தில் கை நின்றது. வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டேன். பெரித் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் சொன்ன நன்றிகளில் அதை மட்டும் உண்மையான நன்றியாகச் சொன்னார், எனக்கு அது பொருந்தாத நேரத்தில்.

அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை ஓர்லீனிடம் கேட்டுவிட்டேன். "ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை?"

"அட்டை பெட்டிக்கு வழி காட்டுறது மட்டும்தான். பெட்டியைத் திறந்து பாருங்கோ எண்டு இருபது வருசமாய்ப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான். எனக்கு வேண்டின பதிலை அட்டை சொல்லிப்போட்டுது, அதாலை திறக்கேல்லை. உம்மடை பேரைச் சொல்லி நான் தப்பேலாது."

"நான் மூச்சு முட்டிச் சாகிறன், நீங்கள் நல்ல பேர் எடுக்கிறீங்கள்" என்று கத்திவிட்டேன். வாசிப்பறையில் கத்திய முதல் ஊழியன் நானாகத்தான் இருப்பேன்.

"எடுத்த நல்ல பேரைப் பேப்பரிலை பாத்தனீரோ?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கோப்பைத் திறந்தார்.

அடுத்த தேர்தலில் திரும்பவும் நின்றார். வேறு யாராவது என்றால் வீட்டில் இருந்திருப்பார்கள். நான் மழைக்குள் ஸ்டோவ்னரில் நின்று, திட்டிக்கொண்டே அவருடைய துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். பகுதிச் சபைக்குத் தெரிவானார். அதற்குப் பிறகு பஸ் தரிப்பிடம், விளையாட்டுத் திடல், முதியோர் இல்லத்துச் சூடாக்கி என்று கூட்டத்துக்கு மேல் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார். சபீனாவைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய புத்தகம் அரைவாசியில் கிடந்தது. "ஒரு சூடாக்கிக்கு எத்தினை கூட்டம் வைப்பியள்?" என்று கேட்டால், "அந்தக் கிழவியளுக்குக் குளிருது சிவா" என்பார்.

நான் ஓய்வுபெற்று இப்போது இரண்டு வருடம். போன வசந்தத்தில் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தே அவரைக் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதங்களைப் பற்றிக் கதைக்க வேண்டுமாம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார், மூலக் கையெழுத்தை வாசித்துக் காட்ட. தீவுக் கடிதத்தையும் வியாபாரியின் கடிதத்தையும் வாசித்தேன். முடிய, பின்வரிசையில் இருந்து ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "அப்ப எங்கடை பள்ளிக்கூடத்து ஆபெல்வோல் நல்ல ஆள்தானே? அவர் ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

ஓர்லீன் என் பக்கம் திரும்பினார். "இவர்தான் கண்டுபிடிச்சவர். இவர் சொல்லட்டும்."

கண்டுபிடித்தவராம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எனக்குப் பொறுமை போனது என்று நினைக்கிறேன்.

"அவருக்குத் தெரிஞ்சிருந்தது" என்றேன். "தெரிஞ்சும் சாப்பாட்டு மேசையிலை கதைக்க வேண்டாம் எண்டு எழுதினவர். நல்லவரோ கெட்டவரோ எண்டு நான் தீர்ப்புச் சொல்லேலாது. எனக்கும் தெரிஞ்சிருந்தது. திங்கட்கிழமை தெரிஞ்சது. புதன்கிழமை இவ மேடையிலை ஏறினவ. நான் சபையிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தனான். வெள்ளிக்கிழமைதான் சொன்னனான்."

பிள்ளைகளுக்கு முழுக்க விளங்கியதோ தெரியாது. ஓர்லீனுக்கு விளங்கியது. தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆசிரியை அவசரமாக எல்லாருக்கும் நன்றி சொல்லி வகுப்பை முடித்தார்.

சுரங்க ரயிலில் எதிரெதிரே இருந்தோம். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். குரோருட்டில் நான் இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஸ்டோவ்னரில் அவர் இறங்க நானும் பின்னால் இறங்கினேன். ரயில் மேடையில் நின்று திரும்பினார்.

"திங்கட்கிழமை எத்தினை மணிக்கு?"

"இரண்டு மணி."

"நான் செவ்வாய்க்கிழமை முழுக்க வீட்டிலைதான் இருந்தனான். அந்தப் பேச்சை எழுதிக்கொண்டு. ஒரு ரெலிபோன், சிவா. பிழை ஆரும் விடலாம். நீர் என்னை மேடையிலை ஏறப் பாத்துக்கொண்டிருந்தீர்." படிப்பக்கம் இரண்டு அடி வைத்து நின்றார். "அட்டையிலை என்ன தேதி போட்டனீர்?"

"வெள்ளிக்கிழமை."

"போய் மாத்தும்" என்றார். படியில் ஏறிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாளே காப்பகத்துக்குப் போனேன். பெரித் என்னைவிட முதலே ஓய்வுபெற்றுவிட்டார். மேசையில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அட்டைகள் எல்லாம் படம்பிடித்துக் கணினியில் ஏற்றியாகிவிட்டதாம், கொதிக் கையெழுத்தையும் இப்போது அதுவே வாசிக்குமாம், அட்டையில் இனி ஒருவரும் கைவைக்க முடியாதாம். திருத்தம் வேண்டுமென்றால் இணையத்தில் ஒரு படிவம் இருக்கிறதாம். படிவத்தைப் பார்த்தேன். பெயர் பிழையா, ஊர் பிழையா, பெட்டி எண் பிழையா என்று கேட்டது. எழுதியவர் பொய்த் தேதி போட்டார் என்பதற்கு அதில் இடமில்லை. இரண்டு தரம் அனுப்பினேன். இரண்டு தரமும் உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

மூன்றாம் கிழமை, சாதாரண வாசகனாகப் பதிந்து, அந்த அட்டைப் பெட்டியை வாசிப்பறைக்கு வரவழைத்தேன். கையைக் கழுவித் துடைத்தேன். அட்டையை எடுத்த இடத்தில் கீற்றுக் கடதாசி வைத்தேன். வெள்ளிக்கிழமைத் தேதியின் மேல் வாசிக்கக்கூடியபடி ஒரு கோடு கீறினேன். கீழே திங்கட்கிழமைத் தேதி. பக்கத்தில் என் முதலெழுத்து. மேசை அதிகாரி ஓடி வந்தார்.

"ஐயோ, நீங்கள் இதிலை எழுதக் கூடாது! விதி தெரியாதோ?"

"தெரியும். அந்த விதித் தாளை எழுதித் தட்டச்சு செய்ததே நான்தான்."

இரண்டு நாளில் கடிதம் வந்தது. ஆவணத்துக்குச் சேதம் விளைவித்ததற்காக எனக்கு ஆறு மாதம் வாசிப்பறைத் தடை. பல வருடம் மற்றவர்களுக்கு அந்தக் கடிதத்தை அனுப்பியவன் நான். மலர் அதை வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

ஓர்லீனுக்குத் தடைக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன், வேறொன்றும் எழுதவில்லை. ஒரு கிழமை பதில் இல்லை. ஒரு காலை நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கத் தொலைபேசி அடித்தது.

"ஆறு மாதமோ?" என்று கத்தினார். "எனக்கு இந்தக் கோடைக்குள்ளை சபீனாவை முடிக்க வேணும். அந்தத் தோட்டத்துக் கடிதங்களிலை இன்னும் பதினேழு கிடக்கு. மிசின் வாசிக்கிறது எல்லாம் பிழை, நான் பாத்துட்டன். ஆர் எனக்கு வாசிக்கிறது?"

"அவை என்னை உள்ளுக்கு விடாயினம், ஓர்லீன்."

"அது எனக்குத் தெரியும், கடிதம் பாத்தனான். நான் படமெடுத்துக்கொண்டு வாறன். வியாழக்கிழமை வீட்டிலை நிப்பீரோ?"

நான் நிற்பேன் என்று சொன்னேன். அவர் நன்றி சொல்லவில்லை, தொலைபேசியை வைத்துவிட்டார்.